ரொட்டி வண்டிப் படமும் கதவுப் படமும்

அப்பா,

என் வலது உள்ளங்கை முழுக்க நீலமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ரேகைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது. நோட்டுப் பக்கத்திலும் ஓரத்தில் ஒரு விரல் பதிந்துவிட்டது. எழுதும்போது மூக்கில் பெயின்ட் வாசம்தான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகள் லதா அக்காவுக்கு நிச்சயம். அதற்காகப் பெரியப்பா இன்று வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்க வைத்தார். காலை வரை கதவில் கை வைக்கக் கூடாது, கூப்பிட்டால் உள்ளிருந்து வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறப்பார்கள் என்பது உத்தரவு. அந்த உத்தரவை நான் மீறியதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதைக் கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாடியில் பெரியப்பா இருமும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டி உப்புப் பகுப்பாய்வை மேலே வைத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது அப்பா. இன்று பள்ளி மேடையில் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீங்கள் சூரத்தில் இருக்கவில்லை என்று நானூறு பெண்களுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். விடிந்தால் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

சூரத் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் உள்ளே போன அன்று மாலை பெரியப்பா எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார். ஜரிகை அங்கிருந்துதான் வருகிறது, நம் சௌராஷ்டிரக் குடும்பங்களில் யாராவது ஒருவர் எப்போதும் அங்கே போய்வந்துகொண்டிருப்பார், அதனால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். மகாலுக்குப் பின்னால் நம் சந்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என் பள்ளித் தோழிகள்தான். அவர்களுக்காக நான் சூரத்தைக் கட்டினேன். அங்கே கடல் இருக்கிறது, குளிர்காலத்தில் அப்பா ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார், மாலையில் கடலைமாவில் ஏதோ செய்து விற்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். ஒருமுறை புவியியல் வகுப்பில் வரைபடத்தில் சூரத்தைக் காட்டச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். வகுப்பே கை தட்டியது. நீங்கள் அப்போது நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருந்தீர்கள்.

நடந்ததை நீங்கள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். திண்டுக்கல் கடைகளில் சுங்கடிச் சேலைக் கட்டுகளை இறக்கிவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு திரும்பிவந்தீர்கள். விடியற்காலை. சமயநல்லூர் பக்கம் கண் அசந்துவிட்டது. பால் கேனோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவ்வளவுதான். மாடு குறுக்கே வந்ததாகச் சொல்லச் சொல்லி வக்கீல் மூன்று முறை சொல்லிக்கொடுத்தாராம். கோர்ட்டில் நீங்கள் "தூங்கிட்டேங்கய்யா" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகப் பெரியப்பா உங்களோடு கடைசிவரை சரியாகப் பேசவில்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் என்னை மூன்று முறை கூட்டிப்போனார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அம்மா கிளம்புவாள். ஆரப்பாளையத்தில் இறங்கி ஜெயிலுக்கு நடப்போம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள், நடுவே இன்னொரு வலை. முதல் தடவை அம்மா நம் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்ததும் அங்கே நின்ற காவலர், "எனக்குப் புரியிற மாதிரிப் பேசும்மா, தமிழ்ல பேசு" என்றார். நீங்களும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து ஒருவரோடொருவர் தமிழில் பேசியதே இல்லை. கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் பேசுகிற தமிழ்தான் இருவரிடமும் இருந்தது. அம்மா முகம் சிவந்து, புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றாள். நீங்கள், "இருக்கேங்க. நீங்க?" என்றீர்கள். காவலரே சிரித்துவிட்டார்.

வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து போகவில்லை. முக்கியமான விஷயம் என்றால் உங்களுக்குத் தமிழ்தான் வந்தது. என்னிடம் நீங்கள் பேசியதில் எனக்கு மனப்பாடமாக இருப்பதெல்லாம் தமிழில்தான் இருக்கிறது. அதனால்தான் இதையும் தமிழில் எழுதுகிறேன்.

நீங்கள் திரும்பிவந்த நாளில் உங்களை நான்தான் முதலில் பார்த்தேன். டியூஷன் முடிந்து வருகிறேன். நம் வாசலில், மஞ்சள் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டவில்லை, தாழ்ப்பாளும் போடவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக, "இன்னும் தொறக்கலயே பாப்பா" என்றீர்கள். நான் கையை வைத்துத் தள்ளினேன். திறந்தது. நீங்கள் ஏதோ வித்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாக் கதவு முன்னாலும் அப்படித்தான் நின்றீர்கள். குளியலறை, டாக்டர் அறை, மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு, எதுவாக இருந்தாலும் யாராவது வந்து திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். அம்மா பகல் முழுவதும் வாசலைத் திறந்தே போட ஆரம்பித்தாள். சந்திலிருந்து பூனைகள் வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயின. பெரியப்பா வந்து சாத்துவார், அம்மா போய்த் திறப்பாள்.

ரொட்டி வண்டிப் படத்தை நாம் பார்த்தது ஒரு பொங்கல் விடுமுறை மதியம், டிவியில். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போன கதாநாயகன், சிறையில் சுட்ட ரொட்டிகளை வெளியே கொண்டுபோகிற வண்டியில் தட்டுகளுக்கு அடியில் படுத்துத் தப்பிக்கிற கதை. கூடத்தில் பெரியப்பா இருந்தார், அதனால் நீங்கள் என் காதுக்குள் மட்டும் பேசினீர்கள். மொட்டை அடித்து ஒரு மாதம் ஆனவனுக்கு "அம்புட்டு முடி எங்க இருந்து வந்துச்சு" என்றீர்கள். வெளியே போகிற எந்த வண்டியையும் கம்பியால் குத்திப் பார்க்காமல் விட மாட்டார்கள் என்றீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையாகவே கோபம் வந்தது அந்த வண்டியைப் பார்த்துத்தான். ரிவர்ஸ் எடுக்காமல் அந்தச் சந்தில் அது எப்படித் திரும்பியது என்று படம் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்த சிரிப்பில் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். நீங்கள் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

அதே இயக்குநர் பத்து வருடம் கழித்து எடுத்த இரண்டாவது சிறைப் படம் வந்தபோது நான் ஒன்பதாவது படித்தேன். கோரிப்பாளையம் பக்கம் ஒரு தியேட்டரில் மூன்றே நாள் ஓடியது. "வா, வண்டியத் திருப்பக் கத்துக்கிட்டாரான்னு பாப்போம்" என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். மேட்னி. நம்மையும் சேர்த்துப் பத்தொன்பது பேர், இடைவேளையில் எண்ணினேன். இதில் யாரும் தப்பிக்கவில்லை. விடுதலைக்கு நாற்பது நாள் இருக்கிற ஒருவன் அந்த நாற்பது நாளையும் கழிப்பதுதான் படம். முதல் படத்தில் சாவிக் கொத்து வந்தாலே மேளம் முழங்கும். இதில் சாவி திரும்புகிற சத்தம் மட்டும்தான். முதல் படத்தில் கதாநாயகனின் அம்மா வலைக்கு அந்தப் பக்கம் நின்று நாலு நிமிடம் வசனம் பேசுவாள், மகனுக்கு ஒரு சொல்கூடத் தப்பாமல் கேட்கும். இதில் பக்கத்தில் முப்பது பேர் கத்திக்கொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் "என்ன? என்ன?" என்று கேட்டே நேரம் முடிந்துவிடும்.

கடைசிக் காட்சியில் அந்த ஆள் வீட்டுக்கு வந்து சாத்திய கதவின் முன்னால் நிற்கிறான். தள்ளவில்லை. நின்றுகொண்டே இருக்கிறான். பின் வரிசையில் ஒருவர், "கதவத் தட்டு மாப்ள, எங்களுக்கும் பசிக்குதுல்ல" என்று கத்தினார். நம்மைத் தவிரப் பதினேழு பேரும் சிரித்தார்கள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

திரும்பிவருகிற பஸ்ஸில், இதுதான் உண்மையான படம், முதல் படம் சுத்தப் பொய் என்று நான் சொன்னேன். நீங்களும் அதையேதான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். வைகைப் பாலத்தைத் தாண்டியதும் நீங்கள் சொன்னீர்கள்:

"உள்ள இந்தக் கதவுப் படத்தப் போட்டிருந்தா அன்னைக்கு ஒருத்தனும் சாப்பிட்டிருக்க மாட்டான் பாப்பா. அந்த ரொட்டி வண்டிப் படத்தத்தான் போட்டாங்க. நாங்க அம்புட்டுப் பேரும் விசில் அடிச்சோம். தடியோட நின்ன வார்டரும் கை தட்டுனாரு. மறுநா காலையில எந்திரிச்சு ஒழுங்கா வரிசையில உக்காந்தோம். எவனும் ஓடல. ஓடுற மாதிரி ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு, அதுதேன்."

அப்படியானால் இந்தப் படம் யாருக்கு என்று கேட்டேன். உங்கம்மா மாதிரி வெளியே காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்றீர்கள். உள்ளே இருப்பவனுக்கு ஒன்று, வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று, ஒரே மனிதர் இரண்டையும் எடுத்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டீர்கள். அப்புறம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆனா ரெண்டுலயும் ஒரு வீட்ட அவரு காட்டவே இல்ல" என்றீர்கள்.

எந்த வீடு என்று கேட்டேன்.

"செத்தவங்க வீடு."

அன்றுதான் சொன்னீர்கள், வெளியே வந்து ஒரு மாதத்தில் சமயநல்லூருக்குப் போய்வந்ததை. அந்தப் பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்தீர்கள். கதவு திறந்தேதான் இருந்தது. அப்படியும் நின்றீர்கள். உள்ளே சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது தெரிந்தது, புது டயர் போட்டிருந்தார்கள். ஓர் அம்மா வெளியே வந்து யார் வேண்டும் என்று கேட்டதும், வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். இதை நீங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு அடுத்த வருடம் ஒரு காலை, சாயப்பட்டறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் மாதம் ஒரு படம் போடுவார்கள், வருடம் ஒருமுறை பேச்சுப் போட்டி வைப்பார்கள். இந்த வருடத் தலைப்பு, ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள். மற்றவர்கள் விளையாட்டுப் படம், பேய்ப் படம் என்று எடுத்தார்கள். நான் இவை இரண்டையும் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. உங்கள் பெயரோ நம் கதையோ வராமல் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

பேசினேன் அப்பா. சாவி, வலை, ரொட்டி வண்டி எல்லாம் சொன்னேன். வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பியதைச் சொன்னபோது மொத்த அரங்கமும் சிரித்தது. முதல் படத்தைப் பொய் என்று ஒதுக்காதீர்கள், அது யாருக்கு எடுத்தது என்று பாருங்கள் என்றேன். இரண்டு படத்திலும் இறந்தவர் வீடு வரவே இல்லை என்று சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம்.

நடுவராக வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எல்லாம் நல்லா இருந்துச்சும்மா. ஆனா அந்தக் கடைசிக் காட்சி செயற்கையா இல்லையா? பூட்டாத கதவு முன்னால ஒரு மனுஷன் ஏன் நிக்கணும்? அதை எப்படி உண்மைன்னு சொல்ற?"

எங்கேயோ படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. முன்வரிசையில் ரிஸ்வானா இருந்தாள், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள், என் சூரத்தை முழுதாக நம்பியவள். லதா அக்கா நிச்சயம் நினைவுக்கு வந்தது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் இப்போது படித்தேன் என்று சொன்னால், பின் வரிசையில் கத்திய ஆளோடு சேர்ந்து நானும் சிரித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"எங்க அப்பா அப்படித்தான் நின்னாரு சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டார்.

"எங்க வீட்டு வாசல்ல. ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கு. கதவு பூட்டாமத்தான் இருந்துச்சு. நான்தான் தள்ளிவிட்டேன்."

பிறகு நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, "நான் கேட்டது தப்பும்மா" என்றார். அப்போது கை தட்டல் வந்தது பாருங்கள். முதலில் தட்டியதுபோல இல்லை. உங்கள் ரொட்டி வண்டிப் படத்துக்கு ஜெயிலில் இருந்தவர்கள் எப்படித் தட்டியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் பரிசு எனக்குத்தான். எவர்சில்வர் தட்டு, சான்றிதழ். சான்றிதழில் தந்தை பெயர் என்ற இடத்தை டீச்சர் என்னையே நிரப்பச் சொன்னார். எழுத்து கோணவில்லை.

ரிஸ்வானா படிக்கட்டு வரை என்னோடு வந்தாள். அப்புறம், "அப்ப அந்தக் கடலு?" என்றாள். புத்தகத்தில் படித்தது என்றேன். ஸ்வெட்டர்? அதுவும்தான். பிறகு, "நல்லாத்தான்டி சொன்ன. எங்க அத்தாகிட்ட ஒருவாட்டியாச்சும் சூரத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் அழுதேன், தெரியுமா?" என்றாள். இருவரும் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அவள்தான் அழுதாள். நான் அழவில்லை.

பஸ்ஸில் வரவர தைரியம் இறங்கிக்கொண்டே வந்தது. நம் சந்துக்குள் நுழையும்போது ஒன்றுமே மிச்சமில்லை. வாசலில் புது நீலக் கதவு, சாத்தியிருந்தது. கூப்பிட்டால் அம்மா வந்து திறப்பாள். கூப்பிட வாய் வரவில்லை. தட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பால்காரர் இரண்டு முறை கடந்துபோனார். இரண்டாவது முறை, "என்ன பாப்பா, தொறக்கலயா?" என்றார்.

அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அப்பா. உள்ளங்கையை விரித்து, அழுத்தி, தள்ளினேன்.

உள்ளே அம்மா நின்றிருந்தாள். டீச்சர் பாராட்டிப் போன் செய்திருக்கிறார், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மா என் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் எப்போதும் நம் வீட்டுப் பேச்சில்தான் பேசுவாள், உங்களுக்குத் தெரியும். இன்று தலையைக் குனிந்துகொண்டு, முகம் சிவந்து, தமிழில் கேட்டாள்.

"நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

"இருக்கேங்க. நீங்க?" என்றேன்.

பரிசுத் தட்டைக் கழுவி அதிலேயே எனக்குச் சோறு போட்டாள். காலையில் பெரியப்பா கேட்டால் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். பெரியப்பா கெட்டவர் இல்லை, எங்களை இத்தனை நாள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். லதா அக்காவுக்காகப் பயப்படுகிறார். எனக்கும் லதா அக்காவின் நிச்சயத்தை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லதா அக்கா மாடிக்குப் போகும்முன் என் கையைப் பிடித்து, நீலத்தைப் பார்த்து, "மருதாணி நல்லாச் செவந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் சமயநல்லூருக்குப் போவேன். அந்த வீட்டுக் கதவை நீங்கள் எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். வழி தவறி வந்தேன் என்று சொல்ல மாட்டேன். யார் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டால், யாருடைய மகள் என்று சொல்வேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

கதவின் நடுவில், என் தோள் உயரத்தில், ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பெயின்ட்காரர் மீதி வைத்துவிட்டுப் போன டப்பா அங்கேயேதான் இருந்தது. அம்மா பிரஷ்ஷை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். இப்போது காய்ந்திருக்கும். பெரியப்பாதான் இந்த வீட்டில் முதலில் எழுந்திருப்பார். வாசல் விளக்கைப் போட்டதும் அதைத்தான் பார்ப்பார். யார் கை இது என்று கூடத்தில் நின்று சத்தமாகக் கேட்பார்.

என் கை, பெரியப்பா.

சொல்லிப் பார்த்துக்கொண்டேன் அப்பா. குரல் நடுங்கவில்லை.